கடினமான எதிரணி லாபமா, நஷ்டமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அட்டவணை: ஓர் எளிய விளக்கம்

2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபுக்குத் தேர்வான 12 அணிகளின் பட்டியல் வெளியானது. டெக்சஸ் பல்கலைக்கழகம் அதில் இல்லை. 9 வெற்றி, 3 தோல்வி, தரவரிசையில் 13ஆம் இடம். அந்த மூன்று தோல்விகளில் முதலாவது சீசனின் முதல் ஆட்டத்திலேயே வந்தது. ஆகஸ்ட் 30 அன்று, நடப்புச் சாம்பியனான ஓஹாயோ ஸ்டேட்டிடம், அவர்களுடைய சொந்த மைதானத்தில் 14-7. அந்த ஆட்டத்தை ஆடியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் டெக்சஸைக் கட்டாயப்படுத்தவில்லை. தானே ஒப்புக்கொண்டு ஆடியது.

உடனே இரண்டு வாதங்கள் கிளம்பின. ஒரு சின்ன அணியை வரவழைத்து ஜெயித்திருந்தால் 10-2 என்று உள்ளே போயிருக்கலாம், இனிமேல் பெரிய அணிகளோடு மோதுவதே வீண் என்றது ஒன்று. கடினமான அட்டவணை வைத்துக்கொண்டால் தேர்வுக் குழு எப்போதும் மதிப்புக் கொடுக்கும், டெக்சஸ் வேறு காரணத்தால்தான் வெளியே நின்றது என்றது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஒரே மாதிரியான கடின ஆட்டம் ஓர் அணியைத் தூக்கிவிடுகிறது, இன்னோர் அணியைக் கவிழ்க்கிறது. எந்த அணி எந்த வாசல் வழியாக பிளேஆஃபுக்குள் நுழையப் பார்க்கிறது என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அட்டவணை உருவாகும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

(இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் அணிந்து, நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்க விளையாட்டு.)

பன்னிரண்டு ஆட்டங்கள், இரண்டு வகை

கல்லூரி ஃபுட்பாலின் மேல்பிரிவில் 130க்கும் அதிகமான அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் சீசனுக்கு 12 ஆட்டங்கள்தான். எல்லோரும் எல்லோரோடும் மோதவே முடியாது. அதனால் பெரும்பாலான அணிகள் குழுக்களாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தக் குழுவுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கும் பெரிய கான்ஃபரன்ஸ்கள். 2025 வரை எஸ்.இ.சி.யிலும் ஏ.சி.சி.யிலும் ஓர் அணி தன் கான்ஃபரன்ஸுக்குள் 8 ஆட்டம் ஆடியது. பிக் டென்னிலும் பிக் 12இலும் 9 ஆட்டம். அந்த ஆட்டங்களைக் கான்ஃபரன்ஸே நிர்ணயிக்கும், அணிக்கு அதில் பேச்சில்லை.

மீதமுள்ள மூன்றோ நான்கோ ஆட்டங்களுக்கு அணியே எதிரணியைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட வேண்டும். இவைதான் நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்.

ஒரு தேர்வோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு தாள் எழுதுகிறார்கள். எட்டோ ஒன்பதோ தாள்களைப் பள்ளி கொடுத்துவிடுகிறது, அதிலும் பள்ளிக்குப் பள்ளி கேள்வித்தாள் வேறு. மீதித் தாள்களை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். சுலபமான தாளை எடுத்து முழு மதிப்பெண் வாங்கலாம், அல்லது கடினமான தாளை எடுத்துத் திறமையைக் காட்டலாம். கடைசியில் கல்லூரி இடம் கொடுப்பவர்கள் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள், தாளையும் பார்ப்பார்கள். ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தாளைப் பல வருடங்களுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், அது உண்மையில் எவ்வளவு கடினம் என்பதோ எல்லாத் தேர்வும் முடிந்த பிறகுதான் தெரியும்.

எதிரணியை எப்படிப் பிடிக்கிறார்கள்

மிகச் சாதாரணமான வழி, காசு கொடுத்து வரவழைப்பது. பெரிய பல்கலைக்கழகம் ஒரு சின்ன பல்கலைக்கழகத்துக்குத் தொகை கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரச் சொல்லும். பதிலுக்கு அங்கே போய் ஆடவேண்டியதில்லை. பெரிய அணிக்கு ஏறக்குறைய உறுதியான வெற்றியும் டிக்கெட் வருமானமும் கிடைக்கும். சின்ன அணிக்கு அந்தத் தொகை, அதன் விளையாட்டுத் துறையின் வருடாந்தர பட்ஜெட்டில் பெரிய பங்கு.

ஏறக்குறைய உறுதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2007 செப்டம்பர் 1 அன்று, நாட்டில் 5ஆம் இடத்தில் இருந்த மிஷிகன், ஒரு படி கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து 34-32 என்று தோற்றது. 2024 செப்டம்பர் 7 அன்று நோட்டர் டேமும் தன் மைதானத்துக்கு வரவழைத்த நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றது.

இரண்டாவது வழி, சம பலமுள்ள இரண்டு அணிகள் ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே என்று ஒப்பந்தம் போடுவது. அலபாமாவும் டெக்சஸும் 2022, 2023 ஆட்டங்களை 2018லேயே பேசி முடித்துவிட்டன. டெக்சஸ்–ஓஹாயோ ஸ்டேட் ஆட்டமும் இந்த வகைதான். மூன்றாவதாக, இரண்டு அணிக்கும் பொதுவான நகரத்தில் பெரிய மைதானத்தை எடுத்துச் சீசனின் முதல் வாரத்தில் ஆடுவதும் உண்டு.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: 12 ஆட்டங்களில் மூன்று நான்கு மட்டுமே அணியின் கையில் இருக்கின்றன. அவற்றையும் பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

தீர்ப்புச் சொல்வது யார்

ஐ.பி.எல்.லில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும். கல்லூரி ஃபுட்பாலில் அது போதாது. 13 பேர் கொண்ட தேர்வுக் குழு நவம்பரில் வாரந்தோறும் கூடி 25 அணிகளுக்குத் தரவரிசை போடுகிறது. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களும், முன்னாள் பயிற்சியாளர்களும், முன்னாள் வீரர்களும் அதில் இருப்பார்கள். 2014 சீசனிலிருந்து 2023 வரை 4 அணிகளுக்குத்தான் இடம். 2024இல் அது 12 ஆனது.

அந்தப் பன்னிரண்டுக்குள் போக 2024, 2025 சீசன்களில் இரண்டு வாசல்கள் இருந்தன. தரவரிசையில் முன்னணியில் இருக்கும் 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மீதி 7 இடங்கள் பொது இடங்கள், குழு தன் தரவரிசைப்படி கொடுப்பவை. அட்டவணை பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு வாசல்களையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதல் வாசல்: தோல்வி கணக்கில் வராத இடம்

கான்ஃபரன்ஸ் சாம்பியன் யார் என்பதைக் கான்ஃபரன்ஸுக்குள் ஆடிய ஆட்டங்களும், முன்னணியில் முடித்த இரண்டு அணிகள் 13ஆவதாக ஆடும் கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியும் மட்டுமே முடிவு செய்கின்றன. வெளியே யாரிடம் எப்படித் தோற்றாலும் அந்தப் பட்டியலில் ஒரு புள்ளிகூடக் குறையாது.

2024இல் கிளெம்சனுக்கு நடந்ததைப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே அட்லாண்டாவில் ஜார்ஜியாவிடம் 34-3 என்று நொறுங்கியது. வழக்கமான 12 ஆட்டங்களில் கடைசியில் சவுத் கரோலைனாவிடம் 17-14 என்று தோற்றது. இரண்டுமே நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். ஏ.சி.சி.க்குள் லூயிவில்லிடம் மட்டும் ஒரு தோல்வி. அந்த ஒற்றைத் தோல்வியோடு ஏ.சி.சி. இறுதிப்போட்டிக்குப் போய், எஸ்.எம்.யு.வை 34-31 என்று வென்று, 12ஆம் அணியாகப் பிளேஆஃபுக்குள் நுழைந்துவிட்டது. பொது இடத்துக்குப் போட்டியிட்டிருந்தால் அந்த மூன்று தோல்விகளோடு கிளெம்சனுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

சின்ன கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு இதே வாசலில் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. சாம்பியன் ஆவது மட்டும் போதாது, பொதுவாக மற்ற சின்ன கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களைவிடத் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். கான்ஃபரன்ஸுக்குள் எல்லோரும் பலவீனமாக இருக்கும்போது தன் பலத்தை எங்கே காட்டுவது? நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில்தான்.

2024இல் பாய்சி ஸ்டேட் ஒரிகனுக்குப் போய், எதிரணி கடைசி நொடியில் பந்தை உதைத்து அடித்த ஃபீல்டு கோலால் 37-34 என்று தோற்றது. ஒரிகன் அதன் பிறகு ஒரு தோல்வியும் இல்லாமல் பிக் டென் சாம்பியன் ஆகி முதலிடத்தில் நின்றது. சீசன் நகர நகர அந்தத் தோல்வியின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. நாட்டின் முதல் அணியை அதன் சொந்த மண்ணில் கடைசி நொடி வரை திணறடித்த அணி என்ற பெயர் பாய்சிக்கு மிஞ்சியது. 12-1 என்று முடித்த பாய்சி, அந்த வருட விதிப்படி பிளேஆஃப் வரிசையில் மூன்றாம் அணியாகி முதல் சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குப் போனது. மூன்று சின்ன அணிகளை வென்று 13-0 என்று வந்திருந்தால்கூட இந்த அளவு மரியாதை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமும் உண்டு. 2017இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் ஒரு தோல்வியும் இல்லாமல் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆகியும் குழு அதற்கு 12ஆம் இடம்தான் கொடுத்தது. அப்போது 4 இடங்கள்தான். அந்த வருடம் அவர்கள் ஆடவேண்டிய ஜார்ஜியா டெக் ஆட்டம் இர்மா புயலால் ரத்தானது. திறமையைக் காட்ட இருந்த வாய்ப்புகளில் ஒன்றைப் புயல் கொண்டுபோய்விட்டது. நான்கு வருடம் கழித்து, 2021இல், சின்சினாட்டி அதே கான்ஃபரன்ஸிலிருந்து ஒரு தோல்வியும் இல்லாமல் வந்தது. அதன் கையில் கூடுதலாக இருந்தது நோட்டர் டேமை அவர்கள் ஊரிலேயே 24-13 என்று வென்ற ஆட்டம். நான்கு அணிகளுக்குள் இடம்பிடித்த முதல் சின்ன கான்ஃபரன்ஸ் அணி சின்சினாட்டிதான்.

சுருங்கச் சொன்னால், கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆகக்கூடிய அணிக்குக் கடின ஆட்டத்தில் தோற்பதால் இழப்பு குறைவு. சின்ன கான்ஃபரன்ஸ் அணிக்கு அந்த ஆட்டம் ஏறக்குறைய அத்தியாவசியம்.

கடினத்தை எப்படி அளக்கிறார்கள்

ஓர் அணி சந்தித்த எதிரணிகள் மொத்தமாக எவ்வளவு பலசாலிகள் என்பதற்கு அட்டவணை வலிமை என்று பெயர். மிகப் பழைய, எளிய முறை இது: எதிரணிகள் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, அந்த எதிரணிகளின் எதிரணிகள் எத்தனை வென்றார்கள் என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு எடை. இப்போது பயன்படுத்தும் முறைகள் இதைவிட நுணுக்கமானவை, ஆனால் அடிப்படை எண்ணம் இதுதான்.

2025 சீசனுக்கு முன் குழு இன்னோர் அளவையும் சேர்த்துக்கொண்டது: ரெக்கார்ட் ஸ்ட்ரெங்த். அட்டவணை வலிமை எதிரணிகளை மட்டும் பார்க்கும். இது அவர்களிடம் நீ என்ன செய்தாய் என்பதையும் சேர்த்துப் பார்க்கும். பலசாலியை வென்றால் அதிகப் பலன், பலசாலியிடம் தோற்றால் சிறிய தண்டனை, பலவீனனிடம் தோற்றால் பெரிய தண்டனை.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. எதிரணியின் பலத்தை ஆட்டம் நடந்த நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. டிசம்பரில் அவர்கள் எப்படி முடித்தார்கள் என்பதே கணக்கு. 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் கான்ஃபரன்ஸ் சாம்பியனாகி 13-0 என்று இருந்த அணி. 2024 செப்டம்பரில் மெம்ஃபிஸ் அவர்கள் ஊருக்கே போய் 20-12 என்று வென்றபோது அது மெம்ஃபிஸின் வரலாற்று வெற்றி மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த வருடத்தை 2-10 என்று முடித்தது. மெம்ஃபிஸின் தவறு இதில் துளியும் இல்லை. கடினமான எதிரணியைத் தேடிப்போய் வென்றார்கள், டிசம்பரில் திரும்பிப் பார்த்தால் அந்த வெற்றியில் சத்தே இல்லை.

இரண்டாவது வாசல்: எண்ணிக்கை கழுத்தைப் பிடிக்கும் இடம்

பொது இடத்துக்குப் போட்டியிடும் பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்குக் கணக்கு வேறு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். சின்ன அணியை வெல்ல 95 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படி மூன்று ஆட்டத்தையும் வெல்லும் வாய்ப்பு சுமார் 86 விழுக்காடு. அதில் ஒன்றை மட்டும் சம பலமுள்ள அணியாக, பாதிக்குப் பாதி வாய்ப்பாக மாற்றுங்கள். மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 45 விழுக்காடாகிவிடுகிறது. ஒரே கையெழுத்தில் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இதற்கு ஈடாகக் குழு எவ்வளவு கொடுக்கிறது என்பதே கேள்வி.

என் பார்வையில், குழு இதுவரை கொடுத்தது போதாது. 12 அணி முறையின் முதல் இரண்டு வருடங்களில், வழக்கமான 12 ஆட்டங்களில் மூன்றைத் தோற்ற எந்த அணிக்கும் பொது இடம் கிடைக்கவில்லை. 2025இல் அலபாமா 10-3 என்று உள்ளே போனது உண்மை. ஆனால் அதன் மூன்றாவது தோல்வி கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியில் வந்தது. 2024இல் இண்டியானா எளிதான மூன்று நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்களோடு 11-1 என்று உள்ளே போனது. அலபாமா 9-3 என்று வெளியே நின்றது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அலபாமாவின் அந்த மூன்று தோல்விகளும் சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள் வந்தவை, நான்-கான்ஃபரன்ஸ் அட்டவணை அவர்களைக் கவிழ்க்கவில்லை.

டெக்சஸின் கதையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஓஹாயோ ஸ்டேட்டிடம் 7 புள்ளியில் தோற்றதை யாரும் இழிவாகப் பார்த்திருக்க முடியாது. அவர்களைக் காயப்படுத்தியது ஃப்ளோரிடாவிடம் 29-21 என்று தோற்றது. அந்த ஃப்ளோரிடா சீசனை 4-8 என்று முடித்தது. ஜார்ஜியாவிடம் 35-10 என்ற தோல்வியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் தனித்தனியாக மன்னிக்கக்கூடிய தோல்வி, எண்ணிக்கையில் மூன்றாவதாகச் சேரும்போது மன்னிக்கப்படுவதில்லை. ஓஹாயோ ஸ்டேட் ஆட்டம் டெக்சஸை நேரடியாக வெளியேற்றவில்லை, அவர்களிடம் இருந்த ஒரு சறுக்கலுக்கான இடத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. கடின அட்டவணையின் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே வருடம் நோட்டர் டேமுக்கு நடந்தது இன்னும் வலிக்கும். எந்தக் கான்ஃபரன்ஸிலும் முழுமையாகச் சேராத அணி என்பதால் அவர்களுக்கு முதல் வாசல் கிடையாது. மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று முதல் இரண்டு ஆட்டங்களிலும் மொத்தம் 4 புள்ளியில் தோற்றார்கள். பிறகு 10 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று 10-2 என்று முடித்தார்கள். மயாமியும் 10-2. கடைசி நாளில் குழு ஆகஸ்ட் மாத நேரடி மோதலைக் கையில் எடுத்து மயாமியை உள்ளே விட்டது. நோட்டர் டேம் வெளியே. மயாமியின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஆகஸ்டில் எடுத்த ஒரு ரிஸ்க் டிசம்பரில் சீட்டாகத் திரும்பி வந்தது. கடின ஆட்டத்தை வென்றவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2023இலும் இப்படித்தான். டெக்சஸ் அலபாமாவை அவர்கள் ஊரிலேயே 34-24 என்று வென்றது. பிற்பாடு ஒரு தோல்வி வந்தபோதும் அந்த வெற்றி 3ஆம் இடத்தைப் பிடித்துக் கொடுத்தது. அந்த ஆட்டத்தில் தோற்ற அலபாமாவும் ஜார்ஜியாவை வென்று சாம்பியனாகி 4ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. எல்.எஸ்.யு.வையும் ஃப்ளோரிடாவையும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே வென்று, 13-0 என்று நின்ற ஃப்ளோரிடா ஸ்டேட் 5ஆம் இடத்தில் கைவிடப்பட்டது. அவர்களுடைய தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காயப்பட்டதைக் குழு காரணமாகச் சொன்னது. கடினமான அட்டவணை எந்த அணிக்கும் உத்தரவாதம் அல்ல.

எப்போது தோற்பது என்பதும் முக்கியம்

நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வருகின்றன. தோற்றாலும் மீண்டுவர அவகாசம் இருக்கும். 2014இல் ஓஹாயோ ஸ்டேட் செப்டம்பர் 6 அன்று வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மண்ணில் 35-21 என்று தோற்றது. வர்ஜீனியா டெக் அந்த வருடம் சுமாரான அணிதான். ஆனால் ஓஹாயோ ஸ்டேட் அதன் பிறகு தோற்கவே இல்லை. பிக் டென் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கி 4ஆம் இடம் பிடித்து, தேசிய சாம்பியனும் ஆனது. அந்த வருடம் வெளியே நின்ற பேய்லருக்கும் ஒரே தோல்விதான், 11-1. பேய்லரின் நான்-கான்ஃபரன்ஸ் எதிரணிகள் எஸ்.எம்.யு., நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ. மூன்றில் ஒன்றுகூடக் குழுவிடம் காட்டப் பயன்படவில்லை.

நடுத்தர அணிகளுக்கு

பிளேஆஃப் கனவே இல்லாத அணிகள்தான் அதிகம். அவர்களின் இலக்கு 6 வெற்றி. அது கிடைத்தால் சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டம் ஒன்றுக்குத் தகுதி, கூடவே இளம் வீரர்களுக்கு டிசம்பரில் கூடுதல் பயிற்சி நாட்கள். இப்படிப்பட்ட அணி ஒரு பெரிய எதிரணியை வாங்கி வைத்துக்கொண்டால் 6-6 என்பது 5-7 ஆகும். பயிற்சியாளரின் வேலையும் அதோடு போகலாம். இவர்களுக்கு எளிய அட்டவணையே விவேகம், அதைக் கோழைத்தனம் என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

இனி என்ன

எஸ்.இ.சி. 2026 முதல் கான்ஃபரன்ஸுக்குள் 9 ஆட்டம் என்று முடிவெடுத்திருக்கிறது. 16 அணிகள் ஆளுக்கு ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடினால், மொத்தம் 8 ஆட்டம் கூடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். அதாவது அந்தக் கான்ஃபரன்ஸுக்குள் வருடத்துக்கு 8 தோல்விகள் புதிதாகச் சேர்கின்றன. முன்பு அந்த இடத்தில் ஒரு சின்ன அணி வந்து தோற்றுவிட்டுப் போயிருக்கும். தோல்விகளின் எண்ணிக்கையையே குழு முதலில் பார்க்கும் வரை, இந்த 8 தோல்விகளை ஈடுகட்ட அணிகள் மிச்சமிருக்கும் மூன்று ஆட்டங்களை மென்மையாக்கப் பார்க்கும். பிக் டென் அணியான நெப்ராஸ்கா, எஸ்.இ.சி. அணியான டென்னஸியோடு 2026, 2027க்கு வைத்திருந்த ஒப்பந்தத்தை ஏற்கெனவே ரத்து செய்துவிட்டது. மைதானச் சீரமைப்பை அதற்குக் காரணமாகச் சொன்னது.

ஆகஸ்டில் டெக்சஸ் ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போவதும், செப்டம்பரில் ஒரிகனுக்கு பாய்சி போவதும் இந்த விளையாட்டின் உயிர் என்று நம்புகிறவன் நான். வெவ்வேறு கான்ஃபரன்ஸ்களின் பலத்தை ஒப்பிட நம்மிடம் இருக்கும் உருப்படியான சாட்சியமும் அந்த ஆட்டங்கள்தான். அவை குறைந்தால் குழுவிடம் மிஞ்சுவது யூகம் மட்டும். ரெக்கார்ட் ஸ்ட்ரெங்த் போன்ற அளவுகள் உண்மையிலேயே எடை பெறுகின்றனவா என்பதைக் காகிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடினமான எதிரணிகளைத் தேடிப்போய் மூன்று ஆட்டம் தோற்ற அணிக்கு, எளிய அட்டவணையோடு இரண்டு மட்டும் தோற்ற அணியைத் தாண்டி ஒரு பொது இடம் கிடைக்கும் வருடத்தில்தான் அது தெரியும். அப்படி ஒரு வருடம் இன்னும் வரவில்லை.